ஐஸ் பெட்டியில் போன இரத்தம்

2007 மார்ச் 14
எங்கள் படுவான்கரையில் செல் குண்டு விழத் தொடங்கியதிலிருந்து நாவற்குடாவில் என் தங்கை புஸ்பத்தின் வீட்டில் இருக்கிறோம். என் வீட்டுக்காரருக்கு உடம்பெல்லாம் கடி, சொறிந்துகொண்டே இருக்கிறார். தோலில் ஒன்றையும் காணவில்லை. "வேர்க்குரு புள்ள" என்கிறார். இவருடைய அண்ணனுக்கும் இப்படித்தான் தொடங்கியது. கண் மஞ்சளானதும் செங்கமாரி, வெறும் காமாலை என்று நாட்டு மருந்து குடித்தார். எழும்ப ஏலாமல் போன பிறகுதான் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போனோம். பித்தக்குழாயில் புற்றுநோய். வெட்டவும் வழியில்லை என்றார்கள். போய்விட்டார்.

மார்ச் 16
ஒருவழியாக ஆஸ்பத்திரிக்கு வந்தார். ஸ்கேனில் பித்தக்குழாய் கொஞ்சம் வீங்கியிருக்கிறது. சி.ஏ. 19-9 என்று ஒரு இரத்தச் சோதனையாம். கொழும்புக்கு அனுப்ப வேண்டும். புற்றுநோயென்றால் அந்த எண் கூடுமாம்; கல் அடைத்தாலும் கூடுமாம். அப்படியென்றால் எதற்கு என்று டொக்டரைக் கேட்டேன்.
"வாசலில நாய் குரைக்கிற மாதிரி அம்மா. பூனையாவும் இருக்கலாம், கள்ளனாவும் இருக்கலாம். எழும்பிப் பார்க்கவேணும்தானே?"

மார்ச் 19
எங்கள் நெல்லை வாங்கும் காத்தான்குடி முஸ்லிம் வியாபாரி மீராசாஹிப் லொறியில் கொழும்புக்குப் போகிறார். அண்ணன் முறையில் காக்கா என்போம். இரத்தத்தை ஐஸ் பெட்டியில் வைத்து அவரிடம் கொடுத்தோம்.

மார்ச் 22
காக்கா வந்து சொன்னார். வழியில் சோதனைச் சாவடியில் ஆமிக்காரன் பெட்டியைத் திறந்து பார்த்திருக்கிறான். "ஆர்ட ரத்தமெண்டு கேட்டான். என்ட சகோதரன்டயெண்டன். ஐஸ் கரையும், போ எண்டுட்டான்."
இவர் எழும்பி முற்றத்துக்குப் போய்விட்டார். முகத்தைக் காட்டவில்லை.

மார்ச் 27
எண் கூடித்தான் இருக்கிறது.

மார்ச் 28
கொழும்பில் பித்தக்குழாய்க்குள் கமரா விட்டு அடைப்பைத் திறக்க வேண்டுமாம். இவர் மாட்டேன் என்கிறார். "லொட்ஜில தமிழனெண்டு பிடிச்சிக் கொண்டுபோனா ஆரு தேடுற? சாகிறதெண்டா இஞ்ச சாகிறன்."
எனக்கு எங்கிருந்து அவ்வளவு கோபம் வந்ததோ! "உங்கட அண்ணன நாங்க தூக்கிக்கொண்டு போன. உங்களையும் தூக்கோணுமா? நடக்க ஏலுமான நேரம் நடந்து வாங்க!" தங்கை வீடு என்றும் பார்க்காமல் கத்திவிட்டேன்.

மார்ச் 30
"எப்ப போறம்?" என்று கேட்டார். அவ்வளவுதான்.

ஏப்ரல் 6
கொழும்பு. காக்காவின் சொந்தக்காரர் வீட்டில் தங்க இடம் கிடைத்தது. வெளியூர்த் தமிழர் தங்கினால் பதிய வேண்டுமாம்; அவர்களே எங்களைப் பொலிசுக்குக் கூட்டிப்போய்ப் பதிந்தார்கள்.

ஏப்ரல் 27
அடைப்பைத் திறந்ததும் கடி நின்றுவிட்டது. பூனைதான் என்று நினைத்தேன். ஆனால் எண் இறங்கவில்லை. அதனால் விடாமல் தேடினார்கள் — குழாயில் ஒரு கட்டி. "சின்னது, வெட்டலாம்" என்றார் பெரிய டொக்டர். வெட்டலாம்! அண்ணனுக்கு அந்தச் சொல்லை யாரும் சொல்லவில்லையே. அழுதேன். நல்ல செய்திக்கா கெட்ட செய்திக்கா என்று எனக்கே தெரியவில்லை.

மே 9
காலையில் உள்ளே கொண்டு போனார்கள். பொழுது பட்டபின்தான் வெளியே வந்தார். மூச்சு விடுகிறார்.

ஓகஸ்ட் 20
எண் இறங்கிவிட்டது. திரும்பவும் வரலாம், இரத்தத்தைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும் என்றார் டொக்டர். இருப்போம்.

செப்டெம்பர் 29
படுவான்கரைக்குத் திரும்பிவிட்டோம். இன்று தனியாக வட்டைக்குப் போய் வயலைப் பார்த்து வந்தார். வழியிலேயே மாரி வேளாண்மைக்கு விதைநெல்லும் சொல்லி வைத்துவிட்டாராம். என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை.
"முழுக் காணிக்குமா?"
"ஓம். பாதிய விதைச்சா மத்தப் பாதிய என்ன செய்யிற?"
ஏசத்தான் வாயெடுத்தேன். பிறகு சோற்றைப் போட்டேன்.