தடுப்பு இல்லாத கேட்

மார்ச் 7, வெள்ளி

தேவாலயக் கூடத்தில் தவக்கால மீன் விருந்து. ஊன்றுகோலை ஊன்றிக்கொண்டு வரிசையில் நின்றேன். வருடக்கணக்காக நான் தபால் கொண்டுபோய்க் கொடுத்த வெர்னா, கூடம் முழுக்கக் கேட்கும்படி, "ஏய் ரோண்டா, கேஸ்ல லாட்டரி அடிக்கப் போகுதாமேடி? எங்களுக்கும் ஒரு படகு வாங்கிக் குடு!" என்றாள். ஒரே சிரிப்பு. நானும் சேர்ந்து சிரித்துத் தொலைத்தேன். அதுதான் இப்போது வயிற்றெரிச்சல்.

எல்லாம் நேற்றைய டிவி செய்தியின் வேலை. என் வக்கீல் ஓடெல் நீதிமன்றப் படிகளில் நிருபர்களைக் கூட்டியிருந்தார். வழக்கு நமக்கு, செய்தி ஊருக்கு என்பது அவருடைய கணக்கு. நானும் பொறுமையாகச் சொன்னேன்: அடுக்குமாடி வீட்டு வாசலில் தபால் போட, சக்கரத்தில் ஓடும் இரும்பு கேட்டை இழுத்தேன், அது தரையில் பதித்த தண்டவாளத்தின் முடிவையும் தாண்டி ஓடி என் மேல் சாய்ந்தது, முடிவில் முஷ்டியளவு இரும்புத் தடுப்பு இருந்திருந்தால் நின்றிருக்கும், உங்கள் வீட்டு கேட்டையும் போய்ப் பாருங்கள் என்று.

ஒளிபரப்பியது என்ன? என் அழுகை. கேட்ட இழப்பீட்டுத் தொகை, பெரிய எழுத்தில். 'கேட் மீது வழக்குப் போட்ட தபால்காரி.' தடுப்பைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை! என் கால் நொறுங்கியது இவர்களுக்கு வேடிக்கையா?

மார்ச் 11

ஆரம்பப் பள்ளியிலும், என் மேல் விழுந்த கேட்டைச் செய்த அதே கம்பெனியின் கேட். என் கணவர் டுவேன் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். தடுப்பு இல்லை. "கம்பெனிலேர்ந்து ஏதும் சொல்லலையே" என்றாராம் தலைமையாசிரியர். கம்பெனி ஏன் சொல்லப்போகிறது?

மார்ச் 20

கம்பெனி சமரசத்துக்கு வந்திருக்கிறது. நல்ல தொகைதான். ஒரே நிபந்தனை — விபத்தைப் பற்றி நான் யாரிடமும் மூச்சு விடக் கூடாது.

"இது எல்லா வழக்குலயும் இருக்குறதுதான் ரோண்டா. பெரும்பாலும் கையெழுத்துப் போட்டுருவாங்க. முடிவு உங்களுது" என்றார் ஓடெல். பிறகு ஒரு பழைய செய்தித்தாளைக் காட்டினார். இந்தியானாவில் லூவான் ட்ரீஸ் என்ற பெண். இதே கேட். படத்தோடு வழக்குச் செய்தி. அதற்கப்புறம் ஒன்றுமே இல்லை.

வீட்டுக்கு வந்ததும் அவளுக்குப் போன் போட்டேன். பெயரைச் சொன்னேன், கேட் என்றேன்.

"நான் கையெழுத்துப் போட்டுட்டேங்க. என்னால பேச முடியாது." வைத்துவிட்டாள்.

அவள் வாயைத் திறந்திருந்தால் நான் அந்த கேட்டைத் தொட்டிருப்பேனா? அவள் மேல் பற்றிக்கொண்டு வருகிறது. இல்லை, அவளை அந்த நிலையில் நிறுத்திய கம்பெனி மேல் வர வேண்டும். வருகிறது, வருகிறது, எல்லார் மேலும் வருகிறது.

ஏப்ரல் 2

டுவேனோடு சண்டை. "போட்டுத் தொலைச்சிடு. நீ திரும்ப வேலைக்குப் போவியான்னே தெரியல. ஊரைத் திருத்த நீதான் கெடச்சியா?"

"அந்தப் பள்ளிக்கூடத்துல ஒரு புள்ள மேல விழுந்தா நீ போய்ப் பதில் சொல்றியா?" என்று கத்தினேன். அவர் சோபாவில் போய்ப் படுத்துவிட்டார். அவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. அதனால்தான் இன்னும் கோபம்.

ஏப்ரல் 3

போட மாட்டேன்.

ஏப்ரல் 15

மறுபடி நீதிமன்றப் படிகள். இந்தத் தடவை அதே மாதிரி கேட் ஒன்றைத் தண்டவாளத்தோடு லாரியில் ஏற்றிக்கொண்டு வந்து நிறுத்தினோம். தண்டவாளத்தின் முடிவைப் படம் பிடிக்காதவர்களுக்குப் பேட்டி கிடையாது என்றேன்.

"மேடம், பாக்குறவங்களுக்கு உணர்ச்சி வேணும்..." என்றான் நிருபன்.

"உணர்ச்சியா? கொதிச்சுப் போய் நிக்கிறேன், இதைப் பிடிச்சுக்கோ!"

அப்போது கூட்டத்தை விலக்கிக்கொண்டு மெலிந்த பெண் ஒருத்தி வந்து என் பக்கத்தில் நின்றாள். பத்திரிகைப் படத்தில் பார்த்த முகம். "லூவான், தயவுசெஞ்சு வாயைத் திறக்காதீங்க. உங்க மேல கேஸ் போட்டுருவாங்க" என்று ஓடெல் கிசுகிசுத்தார்.

லூவான் தலையசைத்தாள். படியில் உட்கார்ந்தாள். வலது கால்சட்டையை முழங்கால்வரை சுருட்டினாள். கீழே கால் இல்லை, உலோகக் கம்பிதான். தண்டவாளத்தின் வெறும் முனையை விரலால் காட்டினாள்.

எல்லா கேமராவும் திரும்பியது. "நீங்க யாரு? உங்களுக்கு என்ன ஆச்சு?" என்று கூவினார்கள். உதட்டின் மேல் விரலை வைத்தாள். என் கையை ஒரு முறை அழுத்திவிட்டுப் போய்விட்டாள். நான் நடுத்தெருவில் விம்மி அழுதேன், படம் பிடித்தால் பிடிக்கட்டும்.

ஏப்ரல் 16

எல்லா சேனலிலும் அந்த விரல்தான், அந்த வெறும் முனைதான். பள்ளி கேட்டைச் சங்கிலி போட்டுப் பூட்டிவிட்டார்களாம்.

ஏப்ரல் 24

லூவானுக்குக் கம்பெனி வக்கீல் நோட்டீஸ். ஒப்பந்தத்தை மீறினாளாம். காலைக் காட்டியதற்கு! வெட்கமே இல்லையா இவர்களுக்கு? ஓடெல் அந்த நோட்டீஸை அப்படியே பத்திரிகைகளுக்கு அனுப்பிவிட்டார்.

ஜூன் 9

கம்பெனி நோட்டீஸைத் திரும்பப் பெற்றது. விற்ற கேட்டுக்கெல்லாம் இலவசமாகத் தடுப்பு பொருத்துகிறார்கள். என் வழக்கும் முடிந்தது, வாய்ப்பூட்டு இல்லாமல். தொகை முதலில் சொன்னதைவிடக் குறைவு. டுவேன் காபி போட்டுக் கொடுத்தார்.

சாயங்காலம் போன் அடித்தது. "ரோண்டா, நான் லூவான். நான் பேசக் கூடாதுங்கிற ஒப்பந்தத்தையும் ரத்து பண்ணிட்டாங்க. உங்களுக்கு இப்ப நேரம் இருக்குமா?"

"இருக்கு, சொல்லுங்க" என்றேன்.

விபத்து நடந்த அன்று காலையில் அவள் என்ன உடை போட்டிருந்தாள் என்பதிலிருந்து ஆரம்பித்தாள். இருட்டும்வரை பேசினாள்.