என்ர ஊர் என்று சொன்னதற்கு

ஹனோவர்
மே 2002

அன்புள்ள தம்பி பென்ஜமினுக்கு,

அக்கா கொறற்றி எழுதிக்கொள்வது. ஆண்டவர் உன்னையும் உன் கோபத்தையும் சேர்த்துக் காத்துக்கொள்ளட்டும். இங்கே அத்தானும் எங்கள் மகள் லாராவும் நானும் உயிரோடு இருக்கிறோம். சுகம் என்று எழுத மனம் வரவில்லை. அந்தச் சொல்லை இந்த முறை விட்டுவிடுகிறேன்.

சிறைக்கு வரும் தமிழ்க் கடிதத்தை முதலில் ஒரு மொழிபெயர்ப்பாளர் வாசித்த பிறகுதான் உன்னிடம் தருவார்களாம், உன் மனைவி றீற்றா சொன்னாள். அந்த ஐயாவுக்கும் என் வணக்கம். ஐயா, இதில் ஒளிவுமறைவு ஒன்றும் இல்லை. பெந்தகோஸ்துத் திருநாளுக்கு முந்திய வெள்ளிக்கிழமை என் தம்பி வெளியே வருகிறான். அதற்கு முதல் இது அவன் கையில் கிடைக்க வேண்டும். தயவுசெய்து மேசையில் போட்டு வைத்துவிடாதீர்கள்.

தம்பி, அத்தானுக்குச் சின்னக் காயம் என்று உன் மனைவி உன்னிடம் சொல்லியிருப்பாள். அப்படிச் சொல்லச் சொன்னது நான். அது சின்னக் காயம் இல்லை. அடுத்த கிழமை உருத்திரமூர்த்தி அண்ணை உன்னைப் பார்க்க வருகிறாராம். உங்கள் விளையாட்டுக் கழகத் தலைவர் வெறுங்கையோடு வருவாரா? இந்தக் கதையையும் கொண்டுதான் வருவார். அவருடைய வாயால் நீ கேட்க முந்தி நானே எழுதுகிறேன். இருந்து வாசி. எழும்பி நடந்துகொண்டு வாசிக்காதே, உன்னை எனக்குத் தெரியும்.

2006இல் வரப்போகும் உலகக் கிண்ண உதைபந்தாட்டம் எந்தெந்த நகரங்களில் நடக்கும் என்று ஏப்ரலில் அறிவித்தார்கள் அல்லவா? கொலோனும் அதில் இருந்தது. உங்கள் சிறையில்கூடக் கதவுகளைத் தட்டிக் கூத்தாடினார்களாம். உள்ளே பூட்டிக் கிடக்கிறவர்களுக்கும் நகரம் தெரிவானால் சந்தோஷம் வருகிறது, பார். அத்தானுக்கு வந்ததும் அந்தச் சந்தோஷம்தான். கூடவே வேலை பற்றிய பயமும் இருந்தது. அவர் சமைக்கிற பியர்க்கடையின் முதலாளியம்மா, ஹனோவர் தெரிவானால் கடையைப் பெருப்பிப்பேன், இல்லாவிட்டால் கோடையோடு பூட்டிவிடுவேன் என்று தை மாதமே சொல்லிவிட்டாள். ஐம்பதை நெருங்கும் மனிதனுக்கு இன்னொரு அடுப்பு எங்கே கிடைக்கும்? அத்தான் அந்தோனியாருக்கு நேர்த்தி வைத்தார். பல்வலிக்கே மெழுகுதிரிக் கட்டு நேருகிற ஆள் அவர். இந்த முறை, ஹனோவரின் பெயரை வாசித்த அந்த நிமிடமே வெடி கொளுத்துகிறேன் என்று நேர்ந்திருக்கிறார். ஊரில், பேசாலையில், கோயில் கொடி ஏறும்போது கொளுத்துவார்களே, அதுபோல. என்னிடம் ஒரு சொல் சொல்லவில்லை.

அன்று கடை முட்டச் சனம். நானும் பின்னால் கோப்பை கழுவிக்கொண்டு நின்றேன். தொலைக்காட்சியில் ஹனோவரின் பெயர் வந்ததும் கிழவர்கள் எல்லாம் குழந்தைகள் மாதிரிக் குதித்தார்கள். முதலாளியம்மா சமையலறைக்குள் ஓடிவந்து அத்தானைக் கட்டிப்பிடித்துக் கன்னத்தில் கொஞ்சினாள். அவர் சிரித்துக்கொண்டே நிலவறைக்குப் போய், வருடப் பிறப்புக்கு வாங்கி மழையில் கொளுத்தாமல் வைத்த சீனவெடிக் கட்டை எடுத்து வந்து முற்றத்தில் நெருப்பு வைத்தார்.

வருடப் பிறப்பைத் தவிர வேறு நாளில் இந்த நாட்டில் வெடி கொளுத்தக்கூடாது என்று அவருக்குத் தெரியாதா? தெரியும். நேர்த்தி என்று வந்தால் எங்கள் ஆட்களுக்குச் சட்டம் எங்கே ஞாபகம் வரும்! முற்றத்து மேசைகளில் இருந்த சனம் துப்பாக்கிச் சூடு என்று நினைத்துவிட்டது. இருக்கை வாங்குகள் புரண்டன, கண்ணாடிகள் உடைந்தன. ஒருத்தி தன் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு கத்தினாள். புகைக்குள் இருந்து ஹோர்ஸ்ட் எழும்பி வந்தான்.

ஹோர்ஸ்ட் என்பவன் யாரோ வழிப்போக்கன் இல்லை. மொட்டைத்தலை நாசிக் கூட்டமும் இல்லை. கழகப் பெடியன்கள் அப்படித்தான் கதை கட்டியிருப்பார்கள், நம்பாதே. அவன் தினமும் வருகிறவன். அவனுக்கு இரத்த அழுத்தம் என்று அத்தான் உப்புக் குறைத்து உருளைக்கிழங்கு பொரித்துக் கொடுப்பார். காலில் சத்திரசிகிச்சை நடந்து வீட்டில் கிடந்தபோது சூப் வைத்து, என்னையும் கூட்டிக்கொண்டு போய்க் கொடுத்துவிட்டு வந்தார். ஹனோவரின் பெயர் வந்தபோது அவன்தான் எல்லோரையும் விட அதிகமாக அழுதவன்.

அவன் அத்தானின் சட்டையைக் கொத்தாகப் பிடித்து, "உனக்கென்னடா கொண்டாட்டம்? இது உன்ர ஊரே?" என்று கேட்டான். அத்தான் இன்னமும் சிரித்த முகத்தோடு நின்றார். எனக்கு ஆத்திரமே அதில்தான். பகிடிக்குக் கேட்கிறான் என்று நினைத்தாராம். "ஓம், என்ர ஊர்தான்" என்றார். டொச் மொழியில், நல்ல வடிவாக, எல்லோருக்கும் கேட்கச் சொன்னார்.

பென்ஜமின், அவன் கையில் இருந்த பியர்க் குவளையால் அந்த முகத்தில் ஓங்கி அடித்தான். குவளை உடைந்தது. உடைந்த பிடியாலேயே இரண்டாம் தரமும் குத்தினான். அத்தான் விழுந்த பிறகு சப்பாத்துக் காலால் வாயில் உதைத்தான். நான் சமையலறை ஜன்னலால் பார்க்கிறேன். கொஞ்ச நேரத்துக்கு முன் கட்டிப்பிடித்த சனம் சுற்றி நிற்கிறது. ஒருவன் கூடப் பிடிக்கவில்லை. "அவன்தானே வெடி கொளுத்தினவன்" என்று ஒருவன் சொன்னது எனக்குக் கேட்டது. உள்ளே தொலைக்காட்சியில் பாட்டுப் போய்க்கொண்டிருந்தது.

அடுப்பில் இருந்த இரும்புத் தாச்சியை உருளைக்கிழங்கோடு தூக்கிக்கொண்டு ஓடினேன். அவனுடைய தலைக்குத்தான் வீசினேன், தோளில் பட்டது. எலும்பு உடைந்த சத்தம் கேட்டது. கொதி எண்ணெய் அவன் காதிலும் கழுத்திலும் ஊற்றுப்பட்டது. கீழே விழுந்தவனை இன்னும் இரண்டு தரம் அடித்தேன். பொலிஸ் வந்து என் கையில் இருந்து தாச்சியைப் பிடுங்கியது. வெளியில் போன ஒரு பந்துக்காக நடுவரின் விலாவை உடைத்துச் சிறைக்குப் போன உன்னை எத்தனை தரம் ஏசியிருப்பேன்! அந்த நேரம் என்னைப் பார்த்திருந்தால் நீயே பயந்திருப்பாய்.

அத்தானின் தாடை மூன்று இடத்தில் உடைந்து, கம்பி வைத்துக் கட்டியிருக்கிறார்கள். முன்பல் இல்லை. இடது கண்ணை எடுத்துவிட்டார்கள். இதை எழுதத்தான் இவ்வளவு தூரம் சுற்றி வந்தேன். எடுத்துவிட்டார்கள், தம்பி. காப்பாற்ற ஏலாது என்று சொல்லிவிட்டு எடுத்துவிட்டார்கள்.

இப்போது பொலிஸில் மூன்று வழக்கு இருக்கிறது. ஹோர்ஸ்ட் மீது ஒன்று, அத்தான் மீது வெடி கொளுத்தியதற்கு ஒன்று, என் மீது தாச்சிக்கு ஒன்று. ஆடியில் நீதிமன்றத்தில் தெர்மின், விசாரணைக்கு நாள், வைத்திருக்கிறார்கள். இரண்டு பக்கமும் அமைதியாக இருந்தால் என்னுடையதைத் தள்ளிவிடுவார்கள், அவனுக்குத் தண்டனை நிச்சயம் என்று வழக்கறிஞர் சொல்கிறார். அதுவரை அவன் தன் வீட்டில்தான் இருக்கிறான்.

நேற்று இந்த இடத்தில் நிறுத்தினேன். இன்று தொடர்கிறேன்.

அத்தான் வீட்டுக்கு வந்துவிட்டார். கஞ்சியைக் குழாயால் உறிஞ்சிக் குடிக்கிறார். பேச ஏலாது. போன சனிக்கிழமை தொலைக்காட்சியில் விளையாட்டு அரங்கைத் திருத்திக் கட்டப்போவதைக் காட்டினார்கள், நகரபிதா சிரித்தார். அத்தான் எழும்பிக் கதிரையைத் தூக்கித் தொலைக்காட்சியை அடித்து நொறுக்கினார். பிறகு கண்ணாடி அலுமாரி. பிறகு தன் தலையைச் சுவரில் மோதினார். லாரா மேசைக்குக் கீழே போய்க் காதைப் பொத்திக்கொண்டு இருந்தாள். ஒரு நாளும் குரல் உயர்த்தாத மனிதன், தம்பி. நான் பின்னால் கட்டிப்பிடித்தபோது முழங்கையால் என்னையும் இடித்துவிட்டார். பிறகு பார்த்து அழுதார். ஒரு கண்ணால் அழுவதைப் பார்க்க எனக்குத் தாங்கவில்லை.

என் கதையும் நல்லாக இல்லை. சாமான் வாங்கப் போன கடையில் ஹோர்ஸ்டின் மனைவி என்னைக் கண்டு கிட்ட வந்தாள். மன்னிப்புக் கேட்க வந்தாளோ சண்டைக்கு வந்தாளோ, அவள் வாய் திறக்க முந்தி மேலங்கியின் கழுத்தில் பிடித்துப் பால் அடுக்கோடு சாத்திவிட்டேன். மெலிந்த கிழவி. "பிற்றே, பிற்றே", தயவுசெய்து, தயவுசெய்து என்று மட்டும் சொன்னாள். விட்டுவிட்டு வெறுங்கையோடு வீட்டுக்கு வந்தேன். அவள் பொலிஸுக்குச் சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

உருத்திரமூர்த்தி அண்ணை கழகப் பெடியன்கள் நாலு பேரோடு வந்தார். அத்தானைப் பார்த்துக் கண்கலங்கியது உண்மைதான், பழிசொல்லக்கூடாது. தேத்தண்ணி குடித்துவிட்டு, "தங்கச்சி, நாங்கள் பாத்துக்கொண்டு சும்மா இருக்கேலாது. பென்ஜமின் வெளிய வரட்டும். இரண்டு வாகனம் போதும். நீங்கள் அவன்ர வீட்டை மட்டும் காட்டுங்கோ" என்றார். நான் வீடு தெரியாது என்று சொன்னேன். அவர் நம்பவில்லை. நீ தலைமை தாங்கினால்தான் பெடியன்கள் வருவார்களாம். உன் பெயரை அவர்கள் எல்லாம் எப்படிச் சொல்கிறார்கள் தெரியுமா! உன்னைப் பெற்ற அம்மா கூட அப்படிச் சொன்னதில்லை.

இனி உன் விஷயம். வெளிநாட்டவர் அலுவலகம் உனக்குத் தந்த எச்சரிக்கையை றீற்றா எனக்கு வாசித்துக் காட்டினாள். இன்னொரு அடிதடி என்றால் திருப்பி அனுப்புவோம் என்று பச்சையாக எழுதியிருக்கிறார்கள். முன்பென்றால் நாட்டில் சண்டை என்று வழக்காடலாம். இப்போது யுத்தநிறுத்தம். அங்கே ஒரு பிரச்சினையும் இல்லை என்று சொல்லி விமானத்தில் ஏற்றிவிடுவார்கள். நீ சிறையில் இருக்கும்போது பிறந்த மகளைக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் வைத்துத்தானே இதுவரை பார்த்திருக்கிறாய்? இன்னும் நீ தூக்கவில்லை. வெள்ளிக்கிழமை அவளைக் கொண்டுதான் றீற்றா வாசலில் நிற்பாள். உருத்திரமூர்த்தி அண்ணையின் வாகனமும் அங்கேயே நிற்கும், அதையும் றீற்றா கேள்விப்பட்டிருக்கிறாள். பிள்ளையைக் கையில் வாங்கு. கையில் பிள்ளை இருந்தால் வாகனத்தில் ஏறமாட்டாய்.

அத்தானைப் பார்க்க வரவேண்டும் என்று தோன்றும். தோன்றத்தான் வேண்டும், அவர் உன்னைப் பள்ளிக்கூடம் அனுப்பியவர். ஆனால் வராதே. மார்கழியில், நத்தார்த் திருநாளுக்கு வா. வழக்கு முடியட்டும், நானே கூப்பிடுகிறேன். அதுவரை ஹனோவர் என்று ஒரு ஊர் இல்லை என்று நினைத்துக்கொள்.

அக்கா இருக்கிறாள், போனால் மறிப்பாள், அந்தத் துணிச்சலில் போய்ப் பார்ப்போம் என்று நினைக்கிறாயா? சின்ன வயதில் இருந்து உன்னை மறித்துப் பிடித்தவள் நான்தான். இந்தமுறை மறிக்க என்னால் ஏலாது. ஹோர்ஸ்டின் வீடு எனக்குத் தெரியும். ஒவ்வொரு நாளும் வேலைக்குப் போகும்போது அந்தத் தெருவால்தான் போகிறேன். அது எனக்குச் சுற்றுப்பாதை. ஜன்னலில் வெளிச்சம் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் போகிறேன். நீ என் வாசலில் வந்து நின்றால், சப்பாத்தைப் போட்டுக்கொண்டு உனக்கு முன்னால் நடந்துபோய்க் கதவைக் காட்டுவேன். இரண்டாம் தரம் தோளில் படாது.

அதற்காகத்தான் கெஞ்சிக் கேட்கிறேன், வராதே.

மடுமாதா உன் இரண்டு கைகளையும் பிடித்து உன் பிள்ளையிடம் கொண்டுபோய் விடட்டும். எனக்காகவும் ஒரு செபம் சொல்லு, ராசா.

உன்மேல் உயிரை வைத்திருக்கும் அக்கா,
கொறற்றி