எழுபது கிலோ பெட்டியும் மூன்றடுக்கு கேக்கும்

ஜூன் 3, செவ்வாய்

இரண்டு நிமிடம் பதினோரு விநாடி. மீசை சோதனைப் பாதையில் ஒரு சுற்றை முடித்துவிட்டுக் கண்ணாடியை இறக்கியதும் ஸ்டாப்வாட்சை அவர் மூக்குக்கு நேரே நீட்டினேன். எங்கள் சோதனை ஓட்டுநரான அவர் மீசையை எடுத்துப் பத்து வருடம் ஆகிறது. பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டுவிட்டது.

எங்கள் வண்டி சின்னது. பின்பக்கத்தை வெட்டி விட்டாற்போல் இருக்கும். உள்ளே பெரிய மனிதர் வீட்டு வரவேற்பறை போலத் தோலும் தையலும். மிதித்தால் முந்நூறு குதிரை. நின்ற இடத்திலிருந்து நூறு கிலோமீட்டர் வேகத்தை நாலே முக்கால் விநாடியில் தொட்டுவிடும். இன்ஜின்காரர்கள் இதைச் சொல்லிச் சொல்லியே காலரைத் தூக்கிவிட்டுக்கொள்கிறார்கள். ஓடுவதற்கு உங்கள் இன்ஜின் போதும், ஒழுங்காக ஓட என் ஷாக் அப்சார்பர் வேண்டும் என்று நானும் பதிலுக்குச் சொல்வேன்.

என் வேலை வெளியே தெரியாத வேலை. ஷாக் அப்சார்பர் குழாய்க்குள் எண்ணெய் இருக்கும். அது போய்வரும் துளைகளை மெல்லிய எஃகுத் தகடுகள் மூடியிருக்கும். ஒரு தகட்டைக் கூட்டினால் வண்டி விறைத்துக்கொள்ளும், ஒன்றைக் குறைத்தால் தளர்ந்துவிடும். எட்டு மாதமாகத் தகடு எண்ணுவதே பிழைப்பு.

எங்கள் குழுத் தலைவர் நேரத்தைப் பார்த்துவிட்டு, "பரவாயில்ல" என்றார். அவர் வாயிலிருந்து அது வந்தால் மற்றவர்கள் கைதட்டுவதற்குச் சமம். இருபதாம் தேதி கம்பெனியின் பெரியவர் வந்து நான்கு சுற்று ஓட்டுவார். கையெழுத்துப் போட்டால் என் ஷாக் அப்சார்பர்தான் வண்டியில் போகும். போடாவிட்டால் வெளியிலிருந்து ரெடிமேடாக ஒன்றை வாங்கி மாட்டிவிடுவார்கள். என் எட்டு மாதமும் குப்பைக்கு.

போடுவார். போடாமல் என்ன?

ஜூன் 5, வியாழன்

இன்றும் 2:11. மீசை பாடிக்கொண்டே ஓட்டினார். பாட்டுதான் சகிக்கவில்லை.

ஜூன் 7, சனி

எழுதவே கை வரவில்லை.

கடைசிக் கட்டத்தில் வண்டியை வார இறுதிக்கு வீட்டுக்கு எடுத்துப்போய் ஊர்ச் சாலையில் ஓட்டிப் பார்க்கச் சொல்வார்கள். நேற்று அப்படித்தான் கொண்டுவந்தேன். காலையில் அண்ணி போன் செய்தார். என் கணவரின் அக்கா, கேக் கடை வைத்திருக்கிறார். அவருடைய வேன் கிளம்பவில்லை. பத்து மணிக்குள் ஒரு கல்யாணத்துக்கு மூன்றடுக்கு கேக் போய்ச் சேர வேண்டும். "நீதான் பெரிய கார்க்காரியாச்சே, வாயேன்" என்றார்.

டிக்கியில் எங்கள் அளவுக் கருவிகள் வைத்த இரும்புப் பெட்டி இருந்தது. நானும் இவரும் நான்கு போல்ட்டைக் கழற்றி அதை இறக்கினோம். எழுபது கிலோ. "பல்லு பிடுங்கறவன்கிட்ட வாங்கற வேலையா இது?" என்று பல் டாக்டரான இவர் இடுப்பைப் பிடித்துக்கொண்டார்.

கேக் டிக்கியில், அண்ணி முன்சீட்டில், நான் ஸ்டியரிங்கில்.

"மெதுவாப் போம்மா."

"அண்ணி, இதுல டம்ளர் நிறையத் தண்ணி வச்சாக்கூடத் தளும்பாது."

இந்த வாயால்தான் சொன்னேன்.

மெதுவாகத்தான் போனேன். மூன்று வேகத்தடை, ஒரு பாலம், அவ்வளவுதான். எங்களுக்கு ஒன்றுமே தெரியவில்லை. மண்டபத்தில் டிக்கியைத் திறந்தால் மேலடுக்கு பக்கச் சுவரில் ஒட்டிக்கொண்டிருக்கிறது, நடு அடுக்கு இரண்டாகப் பிளந்து கிடக்கிறது.

அண்ணி திட்டியிருந்தால்கூட நன்றாயிருக்கும். மண்டபத்தின் பின்படிக்கட்டில் உட்கார்ந்து, உடைந்ததை வெட்டித் தள்ளி, கையோடு கொண்டுவந்த க்ரீமை வைத்து நாற்பது நிமிடத்தில் ஒற்றை அடுக்காகச் செய்து உள்ளே கொடுத்தார். பிறகு என்னைப் பார்த்து, "பன்னண்டு வருஷமா யார் வீட்டுக்கும் நான் ஒட்டுப்போட்ட கேக் குடுத்ததில்ல" என்றார். டாக்சி பிடித்துப் போய்விட்டார்.

ஜூன் 8, ஞாயிறு

விடியும்போதே வண்டியை எடுத்துக்கொண்டு பாலத்துக்குப் போனேன். இவரை ஓட்டச் சொல்லி நான் பின்சீட்டில் உட்கார்ந்தேன். பட்டு மாதிரி போகிறது. "கேக்குலதான் ஏதோ கோளாறு" என்றார் இவர். அக்காவிடம் இதைச் சொல்ல இவருக்குத் தைரியம் இருக்கிறதா பார்ப்போம்.

அப்புறம் நான் முன்னால் மாறிக்கொண்டு, காலி டிக்கியில் ஒரு தண்ணீர் பாட்டிலை நிறுத்திவைத்தேன். ஒரே வேகத்தடைதான். எகிறி விழுந்தது. வீட்டுக்கு வந்து பெட்டியைத் திரும்ப ஏற்றி மாட்டிவிட்டுப் போனோம். அதே வேகத்தடை. பாட்டில் அப்படியே நின்றது.

பெட்டி.

பழைய தாள்களைத் தோண்டி எடுத்தேன். எட்டு மாதத்துக்கு முன் வண்டியை எடைமேடையில் ஏற்றியது நான். அன்றைக்கே பெட்டியை உள்ளே போல்ட் போட்டு முறுக்கியிருக்கிறோம். அதையும் சேர்த்து வண்டியின் சொந்த எடை என்று எழுதியிருக்கிறேன். என் கையெழுத்துதான், அழகாக அடிக்கோடு வேறு. அந்த எடைக்குத்தான் பின்பக்கத் தகடு ஒவ்வொன்றையும் இறுக்கியிருக்கிறேன். டிக்கியும் பின்சீட்டும் காலியாக இருந்தால் பின்பக்கம் துள்ளத்தானே செய்யும்?

ஐயோ, எட்டு மாசம். தினமும் அந்தப் பெட்டியத்தானே திறந்து மூடறேன்? எப்படிடி கண்ணுல படாம போச்சு உனக்கு?

ஜூன் 9, திங்கள்

சொல்லவில்லை. தலைவர் வருகிறவர் போகிறவரிடமெல்லாம் இரண்டு பதினொன்று, இரண்டு பதினொன்று என்று சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தார். அவர் சிரித்து நான் பார்த்தே ஆறு மாதமாகிறது.

சொல்லாவிட்டால் யாருக்குத் தெரியும்? பெரியவர் ஓட்டும்போதும் பெட்டி உள்ளேதான் இருக்கும். பட்டு மாதிரிப் போகும். கையெழுத்து விழும். வாங்கிக்கொண்டு போகிறவருக்குத் தெரியும். அவர் டிக்கியில் எழுபது கிலோ பெட்டி வைத்துக்கொண்டா திரிவார்?

சாப்பாடு இறங்கவில்லை.

ஜூன் 10, செவ்வாய்

சொல்லிவிட்டேன். காலையில் முதல் வேலையாக, எடைத் தாளை மேசையில் வைத்து, கேக் உட்பட எல்லாவற்றையும்.

தலைவர் தாளையே பார்த்துக்கொண்டிருந்தார். கடைசியில், "என்ன கேக்கு?" என்றார்.

"சாக்லேட் சார்."

"அடப்பாவமே."

அதற்குப் பிறகு குரல் மாறிவிட்டது. பத்து நாள். பெட்டியில்லாமல் வண்டி துள்ளக் கூடாது, நேரமும் இரண்டு பதினொன்றுக்கு மேல் போகக் கூடாது. முடியாவிட்டால் பெரியவரிடம் அவரே சொல்லி ரெடிமேடு ஷாக் அப்சார்பருக்கு மாறிவிடுவார். அவர் சொன்னதில் தப்பில்லை. கோபமும் நியாயம்தான்.

மீசை என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "எனக்கே தெரியலயேம்மா. முப்பது வருஷமா ஓட்டறேன்னு வெளியில சொல்லிடாத" என்றார். அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. ஆனாலும் நேற்றைக்கு இன்று எவ்வளவோ தேவலை. பசித்தது.

ஜூன் 12, வியாழன்

பெட்டியைத் தூக்கி எறிந்தாயிற்று. கையகல அளவுக்கருவி ஒன்றை இருக்கைக்கடியில் ஒட்டிவிட்டோம். பின்பக்கத்திலிருந்து நான்கு தகட்டை எடுத்தேன். பாட்டில் நிற்கிறது. ஆனால் வளைவில் வண்டி சோம்பல் முறிக்கிறது. 2:14. மீசை பாடவில்லை.

அண்ணி போனை எடுக்கவில்லை. ஆறாவது நாள்.

ஜூன் 14, சனி

நேரே கடைக்கே போய்விட்டேன். அண்ணி மாவு சலித்துக்கொண்டிருந்தார், நிமிரவில்லை. நின்றபடியே சொன்னேன்: "ரோடு மேல தப்பில்ல அண்ணி, கேக்கு மேலயும் தப்பில்ல. எடை போட்டப்ப நான் பண்ணின தப்பு. மன்னிச்சிடுங்க."

பெட்டிக் கதை முழுவதையும் கேட்டார். "அத்தன இன்ஜினியர் இருக்கீங்க. ஒருத்தருக்குமா தெரியல?"

"ஒருத்தருக்கும் தெரியல."

அப்போதுதான் நிமிர்ந்தார். உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்குவது தெரிந்தது. "நான் ஒரு கேக்கு வெளிய அனுப்பறதுக்கு முன்னாடி, வெறும் தட்ட ஒரு தடவ எடை போட்டுக் கழிச்சிடுவேன். எட்டாங்கிளாஸ் படிச்சவ நான்" என்றார். சரியான குத்து. வாங்கிக்கொண்டேன்.

இப்போது எதை வைத்துச் சோதிக்கிறாய் என்று கேட்டார். தண்ணீர் பாட்டில் என்றேன்.

"பாட்டில் நிக்கும் இல்ல விழும், அவ்வளவுதான். கேக்குன்னா எங்க விரிசல் விட்டிருக்கு, எந்தப் பக்கம் சாஞ்சிருக்குன்னு எல்லாத்தையும் சொல்லும். கோணலா வந்ததெல்லாம் எடுத்து வைக்கிறேன், வந்து வாங்கிட்டுப் போ."

வாசலுக்கு வந்து கொஞ்சம் அழுதேன். அண்ணி பார்க்கவில்லை.

ஜூன் 16, திங்கள்

முதல் கேக். வேகத்தடைகள்மேல் இரண்டு சுற்று. மேலடுக்கு முன்பக்கமாக நகர்ந்து நடுவில் விரிசல். பாட்டில் இதைச் சொல்லியிருக்காது, அண்ணி சொன்னது சரி. பின்பக்கம் இறங்கி வரும்போது அதிர்ச்சியைத் தாங்கிவிடுகிறது, திரும்ப எழும்போதுதான் உதறுகிறது. விரிசலை அளந்து குறித்துக்கொண்டேன். அதற்குள் தலைவர் கரண்டியோடு வந்துவிட்டார். "அளந்தாச்சா?" என்றார். அளந்தாச்சு என்பதற்குள் கால்வாசியைக் காணோம்.

ஜூன் 17, செவ்வாய்

இரண்டு கேக். இரண்டும் போச்சு. யாருக்கும் வருத்தமில்லை, எனக்கு மட்டும்தான். மூன்று நாள் இருக்கிறது.

ஜூன் 18, புதன்

பல் தேய்த்துக்கொண்டிருக்கும்போது புரிந்தது. இறுக்கமா தளர்ச்சியா என்று நானாக ஒரு சண்டையை மூட்டிக்கொண்டு ஏதாவது ஒரு பக்கம் நின்றுகொண்டிருந்திருக்கிறேன். வளைவில் வண்டி சாய்வது மெதுவான அசைவு. வேகத்தடை அடிப்பது சட்டென்று வரும் அசைவு. மெதுவானதற்கு இறுக்கிப் பிடிக்க வேண்டும், சட்டென்று வருவதற்கு வழிவிட வேண்டும். இரண்டுக்கும் ஒரே தகட்டை ஏன் மாரடிக்க விட்டேன்?

எடுத்த நான்கில் இரண்டைத் திரும்ப வைத்து, மேலே இருப்பதற்குப் பதில் பாதிக் கனமுள்ள தகட்டைப் போட்டேன். மெதுவாகத் தள்ளும்போது எண்ணெய் நிற்கும். அடி விழுந்தால் அந்த மெல்லிய தகடு வளைந்து வழிவிடும். திரும்ப எழும்போது உதறாமலிருக்க எதிர்ப்பக்கத்திலும் அதே ஏற்பாடு.

மீசை வளைவுகளில் அடித்து விரட்டினார். 2:10.4. எழுபது கிலோ குறைந்திருக்கிறதே, வேகமாகத்தானே போகும்? அடுத்து மூன்றடுக்கை டிக்கியில் வைத்து வேகத்தடைகள்மேல் ஒரு சுற்று. டிக்கியைத் திறக்க எனக்குக் கை வரவில்லை. தலைவர்தான் திறந்தார்.

முழுசாக நின்றது. மேலே வைத்த செர்ரிப்பழம்கூட அசையவில்லை.

அண்ணிக்குப் படம் அனுப்பினேன். பதில் வந்தது: "க்ரீம் பூசினது யாருன்னு பார்த்தியா?"

ஜூன் 19, வியாழன்

அறிக்கையின் முதல் பக்கத்திலேயே எடை போட்ட தவறை எழுதிவிட்டேன், என் பெயரோடு. "இது வேணுமா?" என்றார் தலைவர். அடுத்த வண்டியை எடை போடுகிறவர் படிக்கட்டும் என்றேன். அவர் பேனாவை வாங்கிக் கீழே தன் பெயரையும் எழுதினார்.

ஜூன் 20, வெள்ளி

பெரியவர் பத்து மணிக்கு வந்தார். முதல் பக்கத்தை நின்றபடியே படித்தார், என்னை ஒரு பார்வை பார்த்தார், அறிக்கையையும் எடுத்துக்கொண்டு தனியாக ஏறிப் போனார். நான்கு சுற்று, பத்து நிமிடம் என்று ஏற்பாடு.

நான்கு முடிந்தது. நிற்கவில்லை. ஐந்து, ஆறு. எட்டாவது சுற்றில் தலைவர் நகம் கடிக்க ஆரம்பித்தார். "ஏதோ பிடிக்கல, அதான் திரும்பத் திரும்பப் பாக்கறார்" என்றார். மீசை வெயிலுக்குக் கையைக் கண்ணுக்குமேல் வைத்துப் பார்த்துக்கொண்டு, "வளைவுல வேகத்தக் கூட்டிக்கிட்டே போறாரு சார்" என்றார். பன்னிரண்டு எண்ணினேன். பதின்மூன்றாவதில் வண்டி வரவில்லை. சத்தமும் நின்றுவிட்டது.

தலைவரின் போன் அடித்தது. கேட்டார், வைத்தார். முகத்தில் ஒன்றும் கண்டுபிடிக்க முடியவில்லை. "கேனை எடு" என்றார்.

பாதையின் மறுகோடியில் வண்டி ஓரமாக நின்றது. பெரியவர் கோட்டைக் கழற்றித் தோளில் போட்டுக்கொண்டு, வீட்டுப்பாடம் எழுதாமல் மாட்டிக்கொண்ட பிள்ளையைப் போலக் கதவில் சாய்ந்திருந்தார்.

"பெட்ரோல் மீட்டரைப் பாக்க மறந்துட்டேன்" என்றார்.

தலைவர் பெட்ரோல் மூடியைத் திறந்துவிட்டார், நான் கேனைச் சாய்த்தேன். பெரியவர் அறிக்கையைக் கூரைமேல் விரித்து, என்னிடம் பேனா கேட்டார்.