மண்டபம் கேட்கப் போனேன்

சனிக்கிழமை இரவு, லாபிஸ்

எங்கள் இலவசப் படிப்பகம் நடக்கும் கடைமாடியை உரிமையாளர் இந்த மாதத்தோடு திருப்பிக் கேட்கிறார். வேறு இடம் கிடைக்காவிட்டால் மூட வேண்டியதுதான். அதனால் இன்று கோயில் நிர்வாகக் கூட்டத்தில் மண்டபத்தைக் கேட்கச் சொல்லி, படிப்பகத்தை நடத்தும் மாலதி அக்கா என்னை எழுந்து பேச வைத்தார்.

நான் பேச்சுப் போட்டிப் பழக்கத்தில், "நடுவர் அவர்களே, நேரக் காப்பாளர் அவர்களே" என்று ஆரம்பித்துவிட்டேன்.

"நேரக் காப்பாளரா? இங்க சுவர்க் கடிகாரம்தான்மா இருக்கு," என்றார் தலைவர். எல்லாரும் சிரித்தார்கள். மனப்பாடம் செய்தது அத்தனையும் மறந்துபோனது.

தெரிந்ததைச் சொன்னேன். "பள்ளியில மூணாம் ஆண்டு படிக்கிற யாழினிக்கு, படிப்பகம் வந்த புதுசுல எழுத்துக்கூட்டவே தெரியாது ஐயா. இப்ப கடை போர்டு எல்லாத்தையும் சத்தமா படிச்சு அவங்கம்மாவ நச்சரிக்கிறா. இப்ப நிறுத்தினா மறந்துடும்."

"கல்யாண புக்கிங் வந்தா?"

"அன்னைக்கு வெளிய செருப்பு விடுற இடத்துல உட்கார்ந்துக்குறோம் ஐயா."

தலைவர் செயலாளரிடம் திரும்பினார். "செவ்வாய், வியாழன் எழுதிக்கோங்க லா. இந்தப் பொண்ணு விடமாட்டா போல."

மேசைகளை மாடியிலிருந்து யார் இறக்குவது என்று தெரியவில்லை. ஆனால் படிப்பகம் மூடாது. நான் கேட்டதால் மூடாது. இப்படி எழுத வெட்கமாக இருக்கிறது. இருந்தாலும் இந்த வரியை அடிக்கப் போவதில்லை.