மண்ணெண்ணெயில் அழிந்த மூன்று எண்கள்

அண்ணாச்சி,

பக்கத்து அறையில் அச்சு உருளைகளை மண்ணெண்ணெய்த் துணியால் துடைக்கிறார்கள். அந்த வாசம் வந்தால் என்னால் நாற்காலியில் உட்கார முடிவதில்லை. இரண்டு தடவை வாசல்வரை போய்வந்துவிட்டேன். நீங்கள் இறந்து நாற்பது நாளாகிறது. உயிரோடு இருந்தபோது சொல்லாததை இப்போது எழுதி என்ன புண்ணியம்? இருந்தாலும் எழுதுகிறேன்.

எட்டு வருடத்துத் தீப்பெட்டி லேபிள்கள் அத்தனையும் எங்கள் அச்சகத்தின் பழைய சர்வர் கம்ப்யூட்டரில்தான் இருந்தன. வரைந்தவள் நான். அதிலிருந்த ரெய்டு கார்டு சாகக் கிடந்தது. ஒவ்வொரு படத்தையும் துண்டு துண்டாக்கி மூன்று டிஸ்க்கில் பிரித்து வைக்கும் கார்டு அது. அதைச் சரிசெய்ய வந்த நீங்கள் டிஸ்க்குகளைக் கழற்றி, அவற்றின் தகரச் சட்டத்தில் மார்க்கரால் ஒன்று, இரண்டு, மூன்று என்று எழுதி என் மேஜையில் வைத்தீர்கள்.

"வரிசை மாத்தி மாட்டுனா அம்புட்டும் போச்சு தாயி" என்று சொல்லிவிட்டு, வேறு கார்டு வாங்க மதுரைக்குப் போனீர்கள்.

மறுநாள் ஆயுத பூஜை. ஆளாளுக்குத் தங்கள் கருவியைத் துடைத்துப் பொட்டு வைத்தார்கள். நான் மட்டும் சும்மா இருப்பேனா? கீபோர்டோடு உங்கள் டிஸ்க்குகளையும் எடுத்து, உருளை துடைக்கிற துணியாலேயே பளபளவென்று துடைத்து, சந்தனம் குங்குமம் வைத்து சாமி படத்தின் முன்னால் அடுக்கினேன். பிறகுதான் பார்த்தேன், எண்களைக் காணோம். எது முதலாவது, எது மூன்றாவது என்றும் தெரியவில்லை. கூறுகெட்டவள் நான்!

அடுத்த நாள் மழை. சக்கரத்தில் கரிசல் மண் அப்பி, பைக்கைப் பாதி தூரம் தள்ளிக்கொண்டு வந்து சேர்ந்தீர்கள். டிஸ்க்கைப் பார்த்ததும் உங்கள் முகம் மாறியது. முதலாளி கத்தினார்: "நம்பர் போட்டு வைக்கலியா வே? நம்ம பொழப்புல மண்ணள்ளிப் போட்டுட்டீரே!"

நான்தான் துடைத்தேன் என்று அப்போதே சொல்லியிருக்க வேண்டும். அப்போது என் சம்பளத்தில்தான் வீட்டில் உலை கொதித்தது. நீங்கள் ஒரு டிஸ்க்கை மூக்கருகே கொண்டுபோய்விட்டு என்னைப் பார்த்தீர்கள்.

"மறந்துட்டேன் மொதலாளி" என்றீர்கள்.

"மொதல்ல நகல் எடுப்போம். அசல்ல கை வைக்கப்படாது" என்றீர்கள். மூன்றையும் நகலெடுக்கவே அன்றைய பகல் போய்விட்டது. மறுநாள் காலை நகல்களை மாற்றி மாற்றி மாட்டினீர்கள். ஆறு விதமாக அடுக்கலாம். ஒவ்வொரு தடவையும் புதுக் கார்டு, டிஸ்க்கை அழித்துப் புதிதாகத் தொடங்கவா என்று கேட்டது. ஒவ்வொரு தடவையும் வேண்டாம் என்றீர்கள். நாலாவதில் லேபிள் பெயர்கள் வரிசையாக வந்தன.

"வந்துட்டுல்லா! அச்சுக்கு விடுங்க" என்று முதலாளி குதித்தார். நீங்கள் மயில் லேபிளைத் திறந்தீர்கள். மயிலின் கழுத்துக்குக் கீழே வேறொரு லேபிளின் லாரிச் சக்கரம்.

"வரல மொதலாளி."

ஐந்தாவதில் மயில் முழுசாக வந்தது, தோகையில் நான் விட்டிருந்த பிசிறு உட்பட. அதே வரிசையில் அசலை மாட்டினீர்கள். ஒரு லேபிள்கூடக் குறையவில்லை. கிளம்பும்போது என்னிடம் மெதுவாக, "மண்ணெண்ணெய் வாசம் லேசுல போகாது தாயி. எலுமிச்சம்பழம் தேய்ச்சுக் கழுவுங்க" என்றீர்கள்.

அப்புறம் இத்தனை வருடத்தில் முதலாளி உங்களைக் கூப்பிடவே இல்லை. நம்பர் போடக்கூடத் தெரியாத ஆள் என்று மற்ற அச்சகங்களிலும் சொல்லிவைத்தார். வேலை குறைந்து, நீங்கள் இடைசெவலில் செல்போன் ரீசார்ஜ் கடை போட்டீர்கள். பஸ்ஸில் அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் நான் எதிர்ப்பக்க ஜன்னலைப் பார்த்துக்கொண்டே போவேன். இறங்கி வந்து ஒரு வார்த்தை பேச என்ன கேடு எனக்கு?

இன்று காலை பொறுக்க முடியாமல் முதலாளி வீட்டுக்குப் போனேன். "அந்த நம்பரை அழிச்சது நான்தான் மொதலாளி" என்றேன்.

"எந்த நம்பரு?" என்றார். முதலிலிருந்து எல்லாம் சொன்னேன். உங்கள் பெயரையும் சொன்னேன்.

"அப்படி ஒருத்தரு நம்மகிட்ட வந்தாராம்மா?"

நீங்கள் நம்பர் போட்டுத்தான் வைத்தீர்கள் என்று இனி நான் யாரிடம் போய்ச் சொல்வேன், அண்ணாச்சி?