பதம் போடாத சிவப்பணு

என் பிரேமா அக்காவுக்கு, வாணியம்பாடித் தம்பியின் சலாம்.

முதலில் நல்ல செய்தி. நீங்கள் நோட்டில் எழுதி வைத்தது அத்தனையும் உண்மை. ஒரு தடவை இல்லை, நான்கு தடவை செய்து பார்த்துவிட்டேன். அப்பாடா! எட்டு மாதம் கழித்து இப்போதுதான் நிம்மதியாக மூச்சு விடுகிறேன்.

நீங்கள் மஞ்சள் காமாலையில் கண்ணை மூடிய பிறகு ஆய்வகத்தில் உங்கள் வேலையை என்னிடம்தான் கொடுத்தார்கள். சீதபேதி கொண்டுவருகிற அமீபாவின் மேல் போர்த்தியிருக்கும் சர்க்கரையைப் பிரித்தெடுத்து, அதையே தடுப்பூசியாக வெள்ளெலிக்குப் போடுகிற வேலை. “கிருமியைக் காட்ட வேணாம்பா, அது போட்டுனு இருக்கிற சட்டையைக் காட்டினா போதும், உடம்பு கண்டுபிடிச்சுக்கும்” என்பீர்கள்.

ஊசி பலித்ததா என்று பார்க்க, ஆட்டின் சிவப்பணுக்களில் அந்தச் சர்க்கரையை ஏற்றி, எலியின் ரத்தத்திலிருந்து பிரித்த சீரத்தோடு தட்டின் குழிகளில் விடுவோம். எதிர்ப்பு உண்டாகியிருந்தால் அணுக்கள் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு பாய்போல விரியும். இல்லையென்றால் அடியில் பொட்டாக இறங்கிவிடும். உங்கள் நோட்டில் ஊசி போட்ட எலிக்கெல்லாம் பாய், போடாததற்கெல்லாம் பொட்டு.

எனக்கு எல்லாமே பாய்! ஊசி போடாத எலிக்கும் பாய். வெறும் உப்புத் தண்ணீர் விட்டேன், அதற்கும் பாய். ஒரே பேஜார்.

கடைசியில் ஆய்வகத் தலைவி டாக்டரம்மா என்னைக் கூப்பிட்டார். “அன்வர், நீ கூடவே இருந்தவன். பிரேமா ரிசல்ட்டை அழகு பண்ணி எழுதுற ஆளா?”

நான் தலையைக் குனிந்து நின்றேன். இல்லை என்று சொன்னால், அப்போ தப்பு உன் கையிலா என்று கேட்பாரே என்ற பயம். அன்றே உங்கள் சோதனையை, பத்திரிகைக்கு அனுப்ப இருந்த கட்டுரையிலிருந்து எடுத்துவிட்டார், உங்கள் பெயரும் போயிற்று. எப்படி அக்கா வாயை மூடிக்கொண்டு நின்றேன்? தினம் உங்கள் டிபனில் பாதியைத் தின்ற வாய் இது.

தப்பு என்னுடையதுதான். தோல் பதனிடுகிற ஷாப்பில் வளர்ந்தவன் மட்டுமே செய்யக்கூடிய தப்பு. “பதம் போடாத தோல்ல சாயம் நிக்காது பேட்டா” என்று அத்தா சொல்லச் சொல்ல வளர்ந்தேன். புரதத்தை ஏற்றுகிற சோதனைகளில் சிவப்பணுவையும் டானிக் அமிலத்தில் பதப்படுத்துவோமே, தோலுக்குப் போடுகிற பட்டையில் இருக்கும் அதே சரக்கு. உங்கள் நோட்டில் ‘கழுவி, சர்க்கரை ஏற்றினேன்’ என்று மட்டும் இருந்தது. சமையல் குறிப்பில் அடுப்பைப் பற்ற வை என்று யார் எழுதுவார்கள், அக்கா பதம் போட்டதை எழுதாமல் விட்டிருப்பார் என்று நானே முடிவுகட்டினேன். சரியாக வராதபோதெல்லாம் இன்னும் கொஞ்சம் ஜாஸ்தியாகப் போட்டேன். பரம்பரைக் கை!

போன மாதம் அமில பாட்டிலில் பூஞ்சை பிடித்துவிட்டது. மெட்ராஸிலிருந்து புதுசு வர ஒரு வாரம் ஆகும் என்றார்கள். சீரத்தையோ ஐஸிலிருந்து எடுத்து உருக்கியாகிவிட்டது. வீணாக்குவானேன் என்று பதம் போடாமலே செய்தேன். இரண்டு மணி நேரம் கழித்துத் தட்டை எடுத்தால் பாய், பாய், பொட்டு, பொட்டு. உங்கள் நோட்டைப் பக்கத்தில் வைத்து ஒவ்வொரு குழியாகச் சரிபார்த்தேன். இந்தச் சர்க்கரை தானாகவே அணுவில் ஒட்டிக்கொள்கிறது அக்கா. நான் போட்ட பதம்தான் கண்டதையும் பிசின்போல ஒட்ட வைத்திருக்கிறது.

தட்டோடு நேரே டாக்டரம்மாவிடம் போனேன். “தப்பு என்னுதும்மா. அக்கா எழுதினது நிஜம்.” அவர் வெளிச்சத்தில் பிடித்து வெகுநேரம் பார்த்தார். “ஏம்பா, சிவப்பணுவுல ஷூ தைக்கப் போறியா?” என்றார். சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தார். கட்டுரையைத் திரும்ப டைப் அடிக்கக் கொடுத்தார். முதல் பெயர் உங்களுடையது.

தடுப்பூசி இன்னும் தூரம்தான். ரத்தத்தில் வந்த எதிர்ப்பு அமீபா உண்டாக்குகிற ஈரல் கட்டியைத் தடுக்குமா என்று இனிமேல்தான் பார்க்க வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை ஆம்பூருக்குப் போய் உங்கள் வீட்டுக்காரர் ஜெபராஜ் அண்ணனிடம் சோதனை பலித்ததைச் சொன்னேன். உங்களைப் பற்றி ஆய்வகத்தில் பேசிய பேச்சு அவர் காதுக்கும் எட்டியிருந்தது.

“அவ பொய் எழுதமாட்டான்னு எனக்குத் தெரியும். அன்னிக்கு உன்னைக் கேட்டாங்களே, நீ இன்னா சொன்னே?”

“ஒண்ணும் சொல்லலண்ணா.”

அண்ணன் ஜன்னல் பக்கம் திரும்பி நின்றார். எனக்கு அப்படியே போய்விடலாமா என்றிருந்தது. பிறகு, “இப்போ வந்து சொன்னியே. உக்காரு, டீ போடறேன்” என்றார். நான் அழுதுவிட்டேன்.

அக்கா, ஒன்று மட்டும் உறுதியாகச் சொல்கிறேன். பதில் சொல்ல இங்கே இல்லாதவரைப் பற்றி இனி யார் என்னிடம் கேட்டாலும், முதலில் என் கையைச் சோதித்துப் பாருங்கள் என்பேன்.

கூடப் பிறக்காத உங்கள் தம்பி,
அன்வர்