காலி என்று காட்டிய டிஸ்க்

இன்று காலை உன் பழைய ஹார்டு டிஸ்க்கைப் புதுக் கணினியில் மாட்டிய மெக்கானிக், "அக்கா, இதுல ஒண்ணுமே இல்லியே. ஃபார்மட் பண்ணவான்னு கேக்கு" என்றார். திரையில் அந்தக் கேள்வியைப் பார்த்ததும், "கொஞ்சம் இருப்பா" என்றேன். உன்னிடம் சொல்லாமல் விட்டதை இப்போதாவது எழுதிவிடுகிறேன்.

கோவில்பட்டியில் தீப்பெட்டி லேபிள் வடிவமைக்கும் கடையை நாம் இருவரும் சேர்ந்து நடத்தினோம். பகலெல்லாம் விண்டோஸில் லேபிளுக்குச் சேவலும் மயிலும் வரைவோம். வேலை ஓய்ந்ததும் நீ உன் டிஸ்க்கில் இருந்த, யார் யாரோ சேர்ந்து இலவசமாக எழுதும் லினக்ஸுக்குத் தாவிவிடுவாய். கணினிப் பத்திரிகையோடு வந்த முதல் லினக்ஸ் சிடியில் கறுப்புத் திரையும் வெள்ளை எழுத்தும்தான். "இதை வச்சு என்னட்டி பண்ணப்போற, தோசை சுடப்போறியா?" என்று கேலி செய்தேன். அடுத்த சிடியில் படம் வந்தது, சத்தம் வரவில்லை. அதற்கடுத்ததில் சத்தம் வந்தது, தமிழ் மட்டும் கொம்பு ஒரு பக்கம் கால் ஒரு பக்கமாகச் சிதறியது. "எங்கனயோ உக்காந்து யார் யாரோ சும்மாவே சரிபண்ணுதாவ. நம்ம பங்குக்கு நாமளும் செய்வோம்ட்டி" என்பாய். மெனு வரிகளை ஒவ்வொன்றாகத் தமிழில் எழுத ஆரம்பித்தாய். ஒரு வருடத்துக்கு மேல் எழுதினாய்.

நீ காய்ச்சலில் கிடந்த அன்று தீப்பெட்டி ஆலைக்காரர் வந்து நின்றார். "தாயி, லேபிள் இன்னைக்கே அச்சுக்குப் போயாகணும்." என் டிஸ்க்கில் இடமில்லை. உன்னுடையதைத் திறந்தால், காலி என்று காட்டி, ஃபார்மட் செய்யவா என்றது. லினக்ஸ் எழுதியதை விண்டோஸுக்குப் படிக்கத் தெரியாது என்று நீ பத்து முறையாவது சொல்லியிருப்பாய். நான் எங்கே காதில் வாங்கினேன்! சரி என்று அழுத்திவிட்டேன்.

நீ வந்து தேடியபோது, "கரண்ட் போயி வந்துச்சு, எல்லாம் அழிஞ்சிட்டுட்டி" என்று வாய் கூசாமல் சொன்னேன். உன் டிஸ்க்கில் என் சேவல் லேபிள் உட்கார்ந்திருந்ததை மறந்தே போனேன். நீ அதைப் பார்த்தாய், பிறகு என்னைப் பார்த்தாய். "சரி, விடு" என்று முதல் வரியிலிருந்து மறுபடி தொடங்கினாய். மறுநாள் மானிட்டரில் ஒரு துண்டுச்சீட்டு ஒட்டியிருந்தது: "காலின்னு காட்டும். காலியில்லட்டி. தொடாத."

அப்போதே சொல்லியிருக்கலாம். பாவி, வாய் வரவில்லை. நீ இரண்டாம் முறை எழுதி, பிரவுசிங் சென்டரிலிருந்து அனுப்பிய வரிகள் லினக்ஸின் அடுத்த பதிப்பில் வந்தன. "பாருட்டி, நம்ம ரெண்டு பேரு பேரும் போட்டிருக்காவ" என்று குதித்தாய். என் பெயரை ஏன்ட்டி கொடுத்தாய்? அந்த வருட ஐப்பசியிலேயே மஞ்சள்காமாலை உன்னைக் கொண்டுபோய்விட்டது.

மெக்கானிக் பதிலுக்குக் காத்திருந்தார். "வேண்டாம்ப்பா, காலியில்ல" என்று டிஸ்க்கைக் கழற்றி வாங்கிக் கைப்பையில் வைத்துக்கொண்டேன். அந்தத் துண்டுச்சீட்டும் அதில்தான் இருக்கிறது.

நான்தான்ட்டி அழிச்சேன். கரண்டெல்லாம் போகல.